நீலகிரிப் பள்ளிகளில் முன்னாள் ராணுவத்தினரின் கேடட் பயிற்சி: எது உருப்படி, எது வெறும் சல்யூட்

நீலகிரியில் தனியார் பள்ளிகளின் அட்மிஷன் நோட்டீஸில் கராத்தே, ரோபோட்டிக்ஸ் வரிசையில் இப்போது ‘முன்னாள் ராணுவத்தினரால் கேடட் பயிற்சி’யும் சேர்ந்துவிட்டது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது, ஹட்டி எனப்படும் படகர் ஊர்களிலும் குன்னூர், அருவங்காடு பக்கமும் பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். ஆளுக்குப் பஞ்சமில்லை. சரியான ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பள்ளிகள் கோட்டை விடுகின்றன. இந்தச் சேவையை வாங்க நினைக்கும் தாளாளருக்கும், அதற்குத் தனியாகக் கட்டணம் கட்டும் பெற்றோருக்கும் இந்த மதிப்பீடு பயன்படும்.

சுருக்கமாக எங்கள் தீர்ப்பு: டிரில், முகாம் ஒழுங்கு, வரைபட வாசிப்பு மூன்றுக்கும் 5-க்கு நாலரை தரலாம். 13 வயதுப் பிள்ளையைக் கையாளும் விதத்துக்கு ஆளைப் பொறுத்து 2 முதல் 5 வரை. பள்ளி நிர்வாகம் தன் பங்கைச் செய்யும் லட்சணத்துக்கு 2 தந்தாலே அதிகம்.

முதலில் சான்றிதழ் விஷயம், பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படை 1948-ம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் அமைப்பு. பள்ளி மாணவர்களுக்கு ஜூனியர் டிவிஷன், மாணவிகளுக்கு ஜூனியர் விங். ஒரு பள்ளியில் ட்ரூப் எனப்படும் கேடட் குழுவை நடத்தும் பொறுப்பு ஏ.என்.ஓ. (அசோசியேட் என்.சி.சி. ஆபீசர்) எனப்படும் அதிகாரியுடையது. அவர் அதே பள்ளியின் ஆசிரியராக இருக்க வேண்டும். ஆண்கள் காம்ப்டியிலும் பெண்கள் குவாலியரிலும் பயிற்சி முடித்து, தேர்ட் ஆபீசர் தொடங்கி சீஃப் ஆபீசர் வரை உயர்வார்கள். டிரில் கற்றுத்தர, பள்ளிகளை மேற்பார்க்கும் என்.சி.சி. யூனிட்டிலிருந்து வரும் பி.ஐ. ஸ்டாஃப் (நிரந்தரப் பயிற்றுநர்கள்) பணியில் இருக்கும் ராணுவத்தினர். ஆகவே பென்ஷனில் வந்த ஒருவரைப் பள்ளி சம்பளத்துக்கு அமர்த்தியதாலேயே அங்கே என்.சி.சி. வந்துவிடாது. யூனிட்டில் பதிவான கேடட், இரண்டு ஆண்டில் 75 சதவீத வருகையும் ஒரு முகாமும் முடித்துத் தேர்வு எழுதினால்தான் ‘ஏ’ சர்டிபிகேட். பள்ளி தானே அச்சடித்துத் தரும் ‘கேடட் கோர்ஸ்’ சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், வேறு எதற்கும் உதவாது. ட்ரூப் ஒதுக்கீடு கிடைக்காத தனியார் பள்ளிகளுக்கு முழுச் சுயநிதித் திட்டம் என்ற வழி உண்டு, செலவு பள்ளியுடையது. அட்மிஷன் போடும்போது ‘யூனிட்டில் பதிவு உண்டா, ஏ.என்.ஓ. யார்’ என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஆகஸ்ட் 2024-ல் பாதுகாப்பு அமைச்சகம் என்.சி.சி.யில் 3 லட்சம் கேடட் இடங்களைக் கூட்ட ஒப்புதல் தந்து மொத்தத்தை 20 லட்சமாக்க முடிவு செய்தபோது, முன்னாள் ராணுவத்தினரைப் பயிற்றுநர்களாக அமர்த்தும் யோசனையும் அதோடு சேர்ந்தே வந்தது. அது முறைப்படி பள்ளி வாசலுக்கு வரும் வரை, வெளியிலிருந்து வருகிறவர் ஏ.என்.ஓ.வுக்குக் கைகொடுக்கும் பயிற்றுநர், அவ்வளவே. அமெரிக்காவில் கதை வேறு. 1916-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அங்கத்திய ஜே.ஆர்.ஓ.டி.சி. என்ற பள்ளி கேடட் திட்டத்தில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரும் ஹவில்தார் நிலையில் இருந்த ஒருவரும் பள்ளி ஊழியராகவே சேர்ந்து வகுப்பு எடுப்பார்கள். பென்ஷனுக்கும் பணிக்காலச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியைப் பள்ளி நிரப்ப, அதில் பாதியை ராணுவம் திருப்பித் தருவது அங்கே நெடுங்காலம் இருந்த ஏற்பாடு. இங்கே முழுச் சம்பளமும் பள்ளியின் தலையில். அதனால்தான் பள்ளிகள் மலிவான ஆளைத் தேடுகின்றன, தேடி மாட்டிக்கொள்கின்றன.

யாரை எடுப்பது? ரேங்க் பார்த்து எடுக்காதீர்கள். 28 வருடம் சர்வீஸ் போட்ட சுபேதார், கடைசிப் பத்து வருடம் ஸ்டோர் கணக்கும் குவார்ட்டர் கணக்கும் பார்த்திருக்கலாம். 24 வருடத்தில் வந்த ஹவில்தார் பயிற்சி மையத்தில் ரெக்ரூட்டுகளுக்கு உஸ்தாதாக (பயிற்சி ஆசானாக) நின்றிருக்கலாம். பள்ளிக்கு வேண்டியவர் இந்த உஸ்தாத். (மேஜருக்குக் கீழான ரேங்கில் உள்ள சுபேதார் மேஜரை ‘மேஜர் சார்’ என்று நோட்டீஸில் போடுவது பள்ளிகளின் சொந்த வியாதி.) டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் பாருங்கள். நடத்தை மதிப்பீட்டில் ‘எக்ஸெம்ப்ளரி’ அல்லது ‘வெரி குட்’ இருக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்குக் காரணம் சர்வீஸ் முடிவா, மருத்துவ வகையா என்று பாருங்கள். முழங்கால் போய் வந்தவரைத் தினமும் கிரவுண்டில் நிறுத்துவது அவருக்கும் நல்லதில்லை. கோர்ஸ் பக்கம்தான் முக்கியம்: டிரில் கோர்ஸ், புணேயில் உடற்பயிற்சிக் கோர்ஸ், மோவ் இன்ஃபன்ட்ரி ஸ்கூலில் ஆயுதக் கோர்ஸ் என்று என்ன இருக்கிறது, கிரேடு என்ன. கிரேடின் கடைசியில் ‘ஐ’ (I) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பயிற்றுநராகலாம் என்ற பரிந்துரை. அந்த ஒரு எழுத்துக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். கூடவே போலீஸ் சரிபார்ப்பு, பி.பி.ஓ. எனும் பென்ஷன் ஆணையின் நகல். பள்ளிச் சம்பளம் வாங்கினால் பென்ஷன் குறையுமோ என்று சிலர் பயப்படுவார்கள், தனியார் வேலையால் அது குறையாது. ஆள் தேட மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தாலே போதும், நடுவில் கமிஷன் ஏஜென்சி தேவையில்லை.

இதெல்லாம் காகிதம். நிஜமான பரீட்சை கிரவுண்டில். எட்டாம் வகுப்பில் 20 பேரைக் கொடுத்து 20 நிமிடம் விடுங்கள். ‘சாவ்தான்’ (அட்டென்ஷன்), ‘விஷ்ராம்’ (ஸ்டாண்ட் அட் ஈஸ்) இரண்டை மட்டும் கற்றுத்தரச் சொல்லுங்கள். நல்லவர் முதலில் தானே செய்து காட்டுவார், பிறகு எண்ணிக்கையோடு துண்டு துண்டாகப் பிரிப்பார், கடைசியில்தான் முழுக் கட்டளை. சாவ்தானில் குதிகால் சேர்ந்து, பாதங்களுக்கு இடையே 30 பாகை, மூடிய கை பேன்ட் தையலை ஒட்டி. விஷ்ராமில் இடது காலை எடுத்து 12 அங்குலம் தள்ளி வைப்பது. பிள்ளைகள் செய்யும் பிழை ஒன்றே ஒன்று: காலைத் தூக்கும்போது உடம்பும் கூடவே சாயும். அதைக் கண்டுபிடித்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய்ச் சரி செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்தே 20 பேரையும் பொதுவாகத் திட்டுபவர் வேண்டாம்.

அணிநடையில் புத்தக அளவு நிமிடத்துக்கு 120 அடி, ஒவ்வொன்றும் 30 அங்குலம். 13 வயதுக் குள்ளப் பிள்ளைக்கு 30 அங்குலம் எட்டாது. எட்டிப் பிடிக்கப் போனால் தோள் முன்னால் தள்ளும், கை வீச்சு உடையும், மூன்றாம் வரிசை கலைந்து போகும். விவரமானவர் முதல் மாதம் நடை நீளத்தை 24, 25 அங்குலத்தில் வைத்து, வேகத்தை மட்டும் 120-ல் பிடிப்பார். சுண்ணாம்பால் கோடு போட்டு, நடை அளக்கும் கோலான பேஸ் ஸ்டிக்கால் அளந்து காட்டுவார். நீளம் வயதோடு தானே வரும், தாளம் தப்பினால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். இன்னொன்று, கட்டளை எல்லாம் இந்தி. கோத்தகிரிப் பிள்ளைக்கு ‘தாஹினே முட்’ (வலப்பக்கம் திரும்பு) என்பது வெறும் சத்தம். முதல் வாரமே தமிழில் பொருள் சொல்லிவிட்டு, பிறகு கட்டளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கத்த வேண்டும். அந்த இடைவெளியில்தான் பிள்ளை யோசிக்கும். பனிமூட்டத்தில் 30 மீட்டருக்கு அப்பால் சத்தம் கரைந்துவிடும் என்பதால் ஸ்குவாடை நெருக்கமாக வைத்துக்கொள்பவர் மலையை அறிந்தவர்.

காலைப் பரேடில் மயங்கி விழும் பிள்ளைகளைப் பற்றித்தான் பெற்றோர் அதிகம் புலம்புகிறார்கள். காரணம் மர்மமில்லை. எஸ்டேட் லைனிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் பிள்ளை வெறும் வயிற்றில் வந்திருக்கும். முழங்காலைப் பின்னால் பூட்டி அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தங்கும், தலைக்கு ஏறாது. வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு ஃபால் இன் (வரிசையில் நிறுத்துவது) போடுவது, முழங்காலை லேசாகத் தளர்த்தி ஷூவுக்குள் விரல்களை அசைக்கச் சொல்வது, ஒரே நிலையில் 5 நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதது: இந்த மூன்றும் போதும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி விழும் காலையில் உடலைச் சூடாக்க வழக்கமான 10 நிமிடம் போதாது, 20 வேண்டும். காலை ஓங்கி அடிக்கும் பழக்கமும் கவனிக்க வேண்டியது. ரெஜிமென்ட் கிரவுண்ட் வேறு, சிமென்ட் போட்ட பள்ளி முற்றம் வேறு. சிமென்டில் பூட்ஸ் அடித்தால் இரண்டாம் வாரமே கீழ்க்கால் எலும்பில் வலி வரும். முதல் 6 வாரம் கேன்வாஸ் ஷூவில் நடத்துவதே நியாயம்.

யூனிஃபார்மைப் பற்றி ஒரு வார்த்தை. சமவெளியில் இருந்து வந்த பயிற்றுநர் கஞ்சி போட்ட காக்கி கேட்பார். ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் கஞ்சித் துணி காய்வதற்குள் புளித்த நாற்றம் எடுத்துவிடும். அந்த மாதங்களில் கஞ்சி இல்லாமல் இஸ்திரி மட்டும், இரண்டு செட் கட்டாயம். பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைக்க வேண்டும், பூஞ்சை பிடித்தால் பாலிஷ் ஏறாது. அடுப்புப் பக்கத்தில் காய வைத்தால் தோல் வெடிக்கும். இதைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் பெற்றோருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் காசை மிச்சம் பிடித்துத் தருகிறார்.

இந்தச் சேவையின் உச்சம் வரைபட வாசிப்பு. இதை நல்ல உஸ்தாத் நடத்துவதுபோல் புவியியல் ஆசிரியரால் நடத்த முடியாது, வருத்தப்பட்டாலும் உண்மை அதுதான். சமவெளிப் பிள்ளைக்குச் சமஉயரக் கோடு என்பது மனப்பாடம். இங்கே எதிர்ச் சரிவில் தேயிலை வரிசைகள் சமஉயரத்திலேயே வளைந்து ஓடுவதைக் கைகாட்டினால் போதும். வரைபடத்தில் கோடுகள் நெருங்கும் இடம் செங்குத்து, அகன்ற இடம் மென்சாய்வு, உள்ளே மடங்கும் இடம் ஓடை. 1:50,000 சர்வே ஆஃப் இந்தியா தாளில் 2 செ.மீ. கட்டம் ஒன்று 1 கி.மீ., கோட்டுக்குக் கோடு 20 மீட்டர். பத்துக் கோடு தாண்டினால் 200 மீட்டர் ஏற்றம். அடுத்து நேரக் கணக்கு: சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி. 5 கி.மீ. தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் என்றால் ஒன்றரை மணி நேரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை 2 மணி என்று வைத்துக்கொள்ள வேண்டும். பட்டாளக் கணக்கையே அப்படியே போட்டு, மாலை மங்கும் நேரத்தில் காட்டெருமை இறங்கும் பாதையில் பிள்ளைகளோடு நிற்கும் பயிற்றுநர்களும் உண்டு. மாலைப் பயிற்சி எதுவானாலும் நாலரைக்கு முடிந்தாக வேண்டும். காம்பஸ் தப்பாகக் காட்டினால் கருவியைக் குறை சொல்லும் முன் சுற்றிப் பாருங்கள்: தகரக் கூரை, பையில் செல்போன், தலைக்கு மேல் உயர்அழுத்த மின்கம்பி. நீர்மின் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் மாவட்டம் இது. அந்தக் கம்பியிலிருந்து 55 மீட்டராவது தள்ளி நின்று பார்க்க வேண்டும். 40 பிள்ளைக்கு 5 காம்பஸ், 20 பாகைமானி, 10 வரைபடத் தாள் இருந்தால் வகுப்பு நடக்கும். ஒரே காம்பஸை வைத்துக்கொண்டு 40 பேருக்குக் காட்டுவது வேடிக்கை.

பேரிடர்ப் பாடமும் இங்கே பாடப்புத்தகத்தோடு நிற்கக் கூடாது. நவம்பர் 2009 மண்சரிவுகளையும், ஆகஸ்ட் 2019-ல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையையும் பார்த்த மாவட்டம். சரிவில் புதிதாக விரிசல், சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று என்று அடையாளம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் தூக்கும் முறை தனியாக ஒரு பீரியட். 2021 டிசம்பர் 8-ம் தேதி நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது முதலில் ஓடிய ஊர்க்காரர்கள் கையில் இருந்தவை போர்வைகளும் கம்பளிகளும்தான். கம்பளியின் இரு ஓரத்தையும் உள்நோக்கி இறுக்கிச் சுருட்டி, பக்கத்துக்கு மூன்று பேர் என ஆறு பேர் ஒரே கட்டளையில் தூக்குவதை எட்டாம் வகுப்பே செய்யும். கட்டளை சொல்பவர் தலைப்பக்கம் நிற்க வேண்டும்.

துப்பாக்கி என்றதும் பிள்ளைகள் துள்ளும், நோட்டீஸிலும் போடுவார்கள். பள்ளியில் அமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினர் தனியாகத் துப்பாக்கிப் பயிற்சி தர இயலாது. .22 ரைபிள் யூனிட்டின் சொத்து, சுடுதல் யூனிட் மேற்பார்வையில் ரேஞ்சில்தான். படுக்கும் நிலை, குறி பார்த்தல், மூச்சு நிறுத்தல், ட்ரிகர் இழுத்தல் ஆகியவற்றைக் கட்டைத் துப்பாக்கியில் கற்றுத்தரலாம். ‘நாங்களே ஃபயரிங் நடத்துகிறோம்’ என்று ஒரு பள்ளி சொன்னால் உடனே யூனிட்டில் விசாரியுங்கள்.

குறைகளுக்கு வருவோம். முதலாவது ரகடா. பட்டாளத்தில் தண்டனைக்கு அந்தப் பெயர்: ஃபிரண்ட் ரோல், முட்டியில் நடை, காதைப் பிடித்துக் கோழிபோல் குனியும் மூர்கா. அவர்களுக்கு அது சாதாரணம், கோபம்கூட இருக்காது. ஆனால் ஜல்லி கிடக்கும் சரிவில் ஃபிரண்ட் ரோல் என்பது கழுத்துக்கு ஆபத்து. தவிர 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. சேரும் நாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தண்டனைக்குப் பதில் என்ன என்பதையும் எழுதுங்கள்: அடுத்த பரேடில் ஸ்குவாடை நடத்தும் வாய்ப்பு இல்லை, கிட் (சீருடை, சாமான்கள்) சோதனை மறுபடியும், இப்படி. இரண்டாவது, தனியாக விடுவது. அமெரிக்காவில் 2022-ல் ஜே.ஆர்.ஓ.டி.சி. பயிற்றுநர்கள் மீது எழுந்த பாலியல் புகார்கள் நாடாளுமன்ற விசாரணை வரை போயின. அங்கேயும் சிக்கலின் வேர், பயிற்றுநரை மேற்பார்க்கப் பள்ளியில் ஆள் இல்லாததே. மாணவிகள் ஸ்குவாடுடன் ஆசிரியை ஒருவர் கிரவுண்டிலேயே நிற்க வேண்டும், ஸ்டாஃப் ரூமில் அல்ல. கிட் அறையைப் பூட்டுவது, தனி வாட்ஸ்அப் செய்திகள் இரண்டும் கூடவே கூடாது.

மூன்றாவது, ஏ.என்.ஓ.வோடு உரசல். ஆசிரியருக்கு 6 வருட அனுபவம், இவருக்கு 24 வருடம். பிள்ளைகள் முன்னால் யார் யாருக்கு சல்யூட் அடிப்பது என்பதிலேயே மனத்தாங்கல் தொடங்கிவிடும். வருகைப் பதிவு, யூனிட்டுடன் கடிதப் போக்குவரத்து, முகாமுக்குப் பெயர்ப் பட்டியல், பெற்றோர் சம்மதம், மருத்துவச் சான்று எல்லாம் ஏ.என்.ஓ. பொறுப்பு. கிரவுண்ட், கிட், பாட நேரம் பயிற்றுநர் பொறுப்பு. இதை ஒரே பக்கத்தில் எழுதி இருவரிடமும் கொடுத்துவிட்டால் உரசல் பாதி குறையும்.

முகாமுக்கு அனுப்பும்போது ஒரு விஷயம் பலருக்கும் தோன்றுவதில்லை. ஊட்டி 2,240 மீட்டர். இங்கிருந்து 10 நாள் முகாமுக்குச் சமவெளிக்கு இறங்கும் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் வெயிலில் சுருண்டுவிடும். தண்ணீர் குடிக்கும் பழக்கமே குறைவு, குளிரில் தாகம் தெரியாது. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க வைத்து, பையில் ஆளுக்கு நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போட்டு, ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் என்று கலக்கவும் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் கிடைத்தால் விடாதீர்கள். கம்பளியும் ஸ்வெட்டரும் மட்டும் கட்டி அனுப்புபவருக்கு முகாம் தெரிந்திருக்கலாம், மலைப் பிள்ளையைத் தெரியவில்லை.

சம்பளத்தை மணிக் கணக்கில் பேசாதீர்கள். மழை நாளில் பீரியட் ரத்தானால் அவருக்குக் காசு இல்லை, அதனால் ஜூலையில் வருவதையே நிறுத்திவிடுவார். மாதச் சம்பளம், வாரத்துக்கு இத்தனை பீரியட், மழை நாளுக்கு உள்ளரங்கப் பாடப் பட்டியல் தனியாக என்று பேசுங்கள். முடிச்சுகள், முதலுதவி, வரைபடம், ரேங்க் அடையாளம், கட்டைத் துப்பாக்கிக் குறி பார்த்தல்: இவற்றை வைத்தே ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடலாம்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் வெளியேறும் ஷரத்து. இளம் வயதிலேயே பென்ஷனில் வந்த ஹவில்தார்கள் பலர் பள்ளி வேலையை இடைத்தங்கலாகத்தான் எடுக்கிறார்கள். கண்ணூரிலிருந்து டி.எஸ்.சி. எனும் பாதுகாப்புக் காவல் படையின் ஆள்சேர்ப்பு அழைப்பு வந்தாலோ, மாநில முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலம் காவல் பணி கிடைத்தாலோ, வங்கியில் ஆர்ம்டு கார்டு இடம் விழுந்தாலோ கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அங்கே சம்பளம் நிச்சயம். ஒரு மாத முன்னறிவிப்பு, ‘ஏ’ சர்டிபிகேட் தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதத்தில் விலகினால் மாற்று ஆளை அவரே அறிமுகப்படுத்துவது, இதுவரை எடுத்த பாடங்களின் பதிவேட்டை ஏ.என்.ஓ.விடம் கையெழுத்துடன் ஒப்படைப்பது: இந்த மூன்றையும் சேரும் நாளிலேயே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.